வீட்டுக்குப் பதிலாக

கீத் கதவைத் தட்டவில்லை, குத்தினான். ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்புக்குள் உருளைக்கிழங்கு சிவந்துகொண்டிருந்தது. யார் குத்துகிறார்கள் என்று ஜானிஸுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. அந்தக் கையோடு எத்தனையோ வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள்.

"ஹேலி, மாடிக்குப் போ."

"எதுக்கு? அப்பாதானே வந்திருக்கார்?"

"போன்னா போ."

பத்து வயது ஹேலி பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மேல் ஏற மறுத்துவிட்டாள். ஜானிஸ் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்தாள். இடுக்கு வழியாகக் கசங்கிய காகிதம் ஒன்று அவள் மூக்குக்கு நேராக நீண்டது.

"என்ன இது? சொல்லு ஜானிஸ், என்ன இது?"

"மெதுவா பேசு. பிள்ளை இருக்கா."

"வீட்டையே கொடுத்தேன்ல! ஒரு செங்கல் பாக்கி வைக்காம கொடுத்துட்டுத்தானே போனேன்? இப்ப எவனோ வாராவாரம் காசு கட்டுங்கறான், உன் பேரைப் போட்டு!"

"நான் கேக்கல. அவங்க கேக்குறாங்க."

"நான் எந்த கம்பெனியில லாரி ஓட்டுறேன்னு அவங்களுக்குக் கனவுல வந்துச்சா?"

எதிர்வீட்டுக்காரர் ஏற்கெனவே பளபளவென்றிருந்த காரை இன்னொரு முறை துடைக்கத் தொடங்கினார். கீத் காகிதத்தைச் சுருட்டிச் சங்கிலிக்கு மேலாக உள்ளே எறிந்தான். "உன் வார்த்தைக்கு இவ்வளவுதான் மதிப்பு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அந்த வாரம் முழுக்க கிரிம்ஸ்பி துறைமுக ஊரில் மழை கொட்டியது. அந்தச் சனிக்கிழமை ஹேலியை அழைத்துப் போக அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

அவர்கள் பிரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீடு இரண்டு பேர் பேரிலும் இருந்தது. பிரியும்போது கீத் தன் பாதியை ஜானிஸ் பேருக்கு எழுதிக் கொடுத்தான். நீதிபதியும் முத்திரை குத்திவிட்டார். வீடு அவளுக்கு, வங்கிக் கடனின் மிச்சமும் அவளுக்கு. அவன் இனி எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஒரே வெட்டில் கணக்குத் தீர்ந்தது என்று வக்கீல்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். அந்த நாளில் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பிரிந்தார்கள்.

பிறகு ஜானிஸ் வேலை செய்த இடம் மூடிப்போனது. அரசு உதவித்தொகையில் காலம் ஓடியது. அந்த வருஷம்தான் புதிதாக ஓர் அலுவலகம் முளைத்தது. விட்டுப்போன அப்பாக்களைத் தேடிப் பிடித்துப் பிள்ளைக்கான தொகையை வசூலிப்பது அதன் வேலை. அங்கிருந்து வந்த பெண்ணை வரவேற்பறையில் உட்காரவைத்து, தேநீரும் கொடுத்து, ஜானிஸ் எடுத்துச் சொன்னாள்.

"அவர் வீட்டைக் கொடுத்துட்டுப் போயிட்டாருங்க. அதோட எங்க கணக்கு முடிஞ்சிருச்சு."

"அது உங்க ரெண்டு பேருக்குள்ள, மேடம். எங்க கணக்குல வீடு வராது. அவர் சம்பளம், பிள்ளைங்க எத்தனை பேர், அவ்வளவுதான் வரும்."

"நான் பேரைச் சொல்லலேன்னா?"

"உங்க உதவித்தொகையில வெட்டு விழும். எனக்கும் இது பிடிக்கல. ஆனா விழும்."

ஜானிஸ் பேரைச் சொன்னாள். கம்பெனியையும் சொன்னாள். அன்றைக்கே கீத்தை எச்சரித்துவிடலாம் என்று தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் மெலனியின் குரல் கேட்டது. கீத் யாருக்காக வீட்டை விட்டுப் போனானோ அவள். வைத்துவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் அந்தக் கடிதம் அவளை முந்திக்கொண்டு அவனிடம் போய்விட்டது.

இதில் எரிச்சலான விஷயம், கீத் கட்டிய காசில் ஒரு பென்னி கூட அவள் கைக்கு வரவில்லை. அவன் எவ்வளவு கட்டினானோ அவ்வளவும் அவளுடைய உதவித்தொகையில் கழிந்தது. ஸ்காட்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் மீன் ஏற்றிக்கொண்டு அவன் கூடுதலாக ஓட்டினான். அவள் வீட்டில் அதே பழைய சூப்தான் கொதித்தது. அவன் மட்டும் அவள் கொழித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தான்.

குளிர்காலத்தில் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. கீத் வழக்குப் போட்டிருந்தான். பிள்ளைக்குக் காசு கட்ட வேண்டியிருப்பதால் பழைய உத்தரவைக் கிழித்துப் போட்டு, வீட்டை விற்று, தன் பாதியைத் திருப்பித் தர வேண்டுமாம். ஜானிஸ் அதைச் சமையலறையில் நின்றபடியே படித்தாள். வீட்டை விற்றால் கடன்போக மிஞ்சுவதில் பாதியை வைத்துக்கொண்டு எங்கே போவது? அக்கா மர்லீனின் பின்னறைக்கா?

விசாரணை சீக்கிரமே முடிந்தது. கணவனும் மனைவியும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டது வேறு, பிள்ளையைக் காப்பாற்றும் பொறுப்பு வேறு, ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கலைக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். வக்கீல் கூலி கீத்தின் தலையில் விழுந்தது. வெளியே வரும்போது அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அது அவளைப் பயமுறுத்தியது. கத்துகிற கீத்தை அவளுக்குப் பழக்கம். வாய் திறக்காத கீத்தைப் பழக்கமில்லை.

அவள் பயந்தது வீண்போகவில்லை. இரண்டு நாள் கழித்து மாலையில், ரொட்டி வாங்கப் போனவள் திரும்பி வந்தபோது வாசலில் அவன் வேன் நின்றது. பின்கதவைப் பூட்டாமல் போயிருந்தாள். சமையலறையில் கீத் முழங்காலிட்டு, திருப்புளியால் அலமாரிக் கதவுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு கதவு ஏற்கெனவே சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே பீன்ஸ் டப்பாக்களும் மாவுப் பொட்டலமும் துணி அவிழ்ந்த மாதிரித் தெரிந்தன.

"என்ன பண்ற?"

"என் கையால போட்ட அலமாரி. நான் கொடுத்தது வீட்டை. கதவைக் கொடுத்ததா எங்க எழுதியிருக்கு?"

"கீத், போலீசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவங்களுக்கும் நான்தானே காசு கட்டுறேன்? எல்லாருக்கும் நான்தானே கட்டுறேன்!"

திருப்புளி வழுக்கி மரத்தில் நீளமாகக் கீறியது. ஜானிஸ் ரொட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். கீழே வைக்கத் தோன்றவில்லை. அவன் எழுந்து அடிப்பானோ என்று ஒரு கணம் நினைத்தாள். கூடவே இருந்த காலத்தில் ஒருநாளும் அவன் கை ஓங்கியதில்லை. ஆனாலும் நினைத்தாள்.

நீச்சல் பயிற்சி முடிந்து ஈரத் தலையோடு ஹேலி உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சுவரில் சாய்ந்திருந்த கதவைப் பார்த்ததும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது.

"சனிக்கிழமை ஏன் வரல?"

"பெட்ரோலுக்குக் காசில்லடா கண்ணு. உங்கம்மாவைக் கேளு, காசெல்லாம் எங்க போச்சுன்னு."

ஹேலி அம்மாவைக் கேட்கவில்லை. நீச்சல் பையைத் தரையில் வைத்தாள்.

"என் ரூம் கதவும் நீதானே போட்ட? அதையும் எடுத்துக்கோ. வா, எங்க இருக்குன்னு காட்டுறேன்."

குரலை அவள் உயர்த்தவே இல்லை. விருந்தாளிக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள். கீத் முழங்காலிலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கழற்றிய கதவை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினான். எடுத்ததைத் திருப்பி மாட்டினால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பான் போலும். வேன் புறப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் ஜானிஸ் ரொட்டியைக் கீழே வைத்தாள். அது நசுங்கிப் போயிருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பார்த்துக்கொள்வது நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும், பிறந்தநாளுக்கு ஒரு அட்டை வரும். இரண்டிலும் மெலனியின் கையெழுத்து. "உங்கப்பா ஒண்ணும் தராமத்தான் நம்மள விட்டுட்டுப் போனார்," என்று ஜானிஸ் ஒருதரம் கோபத்தில் சொன்னாள். பிறகு மர்லீனிடம் சொன்னாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

ஹேலிக்குப் பன்னிரண்டு வயதானபோது ஜானிஸுக்கு மீன் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை கிடைத்தது. வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலைக்கு வலை, விரல் மரத்துப்போகும் ஐஸ். ஆனாலும் உதவித்தொகை வரிசையிலிருந்து தப்பித்தாள். கீத் கட்டுகிற தொகை இப்போதுதான் முதல்முறையாக முழுசாக அவள் கைக்கு வந்தது. அந்தக் காசில் வீடு மூச்சுவிட்டது. சூடேற்றியை யோசிக்காமல் போட முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து மாவட்ட அணியில் நீந்தத் தேர்வான ஹேலிக்கு நல்ல நீச்சலுடை வாங்கினாள். கோடையில் ஹாலந்தில் நடக்கும் போட்டிக்கு முன்பணமும் கட்டியாயிற்று.

அந்த நேரத்தில்தான் சட்டம் மாறியது. கீத் மாதிரி அப்பாக்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கத்தியதன் விளைவு. புது அலுவலகம் வருவதற்கு முன்பே வீட்டையோ சொத்தையோ விட்டுக்கொடுத்தவர்களுக்கு இனி வாரத்தொகையில் கழிவு உண்டு. ஆனால் அது பிள்ளைக்கான தொகைக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டதுதான் என்று தெரிய வேண்டும். கீத் விண்ணப்பித்தான். ஆதாரம் இல்லை என்று தள்ளுபடி செய்தார்கள். பழைய நீதிமன்ற உத்தரவில் வீடு மாறியது மட்டும்தான் இருந்தது. ஏன் மாறியது என்று ஒரு வரி இல்லை. அவன் மேல்முறையீடு செய்தான். ஹல் நகரில் விசாரணை, ஜானிஸும் வர வேண்டும் என்று அழைப்பு வந்தது.

ஏன் மாறியது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி அவள்.

"ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு," என்றாள் மர்லீன், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "ஏழு வருஷம் ஆச்சு, எவளுக்கு ஞாபகம் இருக்கும்? என் கல்யாண நாளே எனக்கு மறந்துபோச்சு."

"உனக்கு ரெண்டு கல்யாணம். குழப்பம் வரத்தான் செய்யும்."

"சிரிக்காத. குத்தவுணர்ச்சியில கொடுத்துட்டுப் போனான்னு சொல்லு. அவளோட ஓடிப்போனானா இல்லையா? அது பொய்யா?"

பொய்யில்லை. அதுதான் சிக்கல். சொல்ல வேண்டிய பொய்யில் முக்கால்வாசி உண்மை.

படிக்கட்டிலிருந்து ஹேலி பேச்சில் கலந்துகொண்டாள். பதினாலு வயது, அம்மாவைவிட உயரம். "பெரியம்மா சொல்றது சரி. என்னைப் பார்க்க வர்றதையே நிறுத்தினவர். கட்டட்டும். கட்டாம எங்க போயிடுவார்?"

"இது பெரியவங்க விஷயம்."

"நான் போற ஹாலந்து பெரியவங்க விஷயமா?"

விசாரணைக்கு முந்தின வாரம், வேலை முடிந்து ஆலை வாசலுக்கு வந்தபோது மெலனி நின்றுகொண்டிருந்தாள். தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பெண் குழந்தை தூங்கியது. மெலனியை இவ்வளவு பக்கத்தில் ஜானிஸ் பார்த்ததில்லை. நினைத்ததைவிடச் சின்னப் பெண். நினைத்த அளவு அழகும் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நான் கெஞ்ச வரல. சண்டை போடவும் வரல," என்றாள் மெலனி.

"அப்ப மழையில நனைய வந்தியா?"

"நீங்க ரெண்டு பேரும் ஏதோ பேசி முடிச்சீங்க. அப்ப நான் அங்க இல்ல. ஆனா நானும்தான் கட்டிக்கிட்டிருக்கேன். அவர் வாரம் பூரா லாரியிலயே தூங்குறார். வீட்டுக்கு வந்தா அந்த ஒரு கதைதான். வீட்டையே கொடுத்தேன், வீட்டையே கொடுத்தேன்." அவள் உறையின் மேல் தேங்கிய மழைநீரைத் தட்டிவிட்டாள். "அந்தக் கதையை நான் நம்புறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. உள்ளது என்னவோ அதைச் சொல்லிடுங்க. எங்களுக்கு எதிரா இருந்தாலும் பரவாயில்ல. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

"புருஷன் மேல சந்தேகம் வந்தா புருஷனைக் கேளு," என்று சொல்லிவிட்டு ஜானிஸ் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பின்னால் குழந்தை விழித்து இருமும் சத்தம் கேட்டது. பேருந்தில் கூட வேலை செய்பவர்கள் கேலியும் சிரிப்புமாக வந்தார்கள். அவள் ஒன்றையும் கேட்கவில்லை.

விசாரணை நாளில் ஹல்லுக்குப் போகும் வழியில், ஹம்பர் ஆற்றுப் பாலத்தின் மேல் காற்று பேருந்தை உலுக்கியது. அலுவலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. வெளியே ஒரே ஒரு பெஞ்சு. ஒரு கோடியில் கீத் உட்கார்ந்திருந்தான். பழைய கோட்டு வயிற்றில் இறுக்கியது. தலையில் பாதி நரைத்துவிட்டது. ஜானிஸ் மறுகோடியில் உட்கார்ந்தாள். நடுவே இன்னொருவர் உட்காரும் அளவு இடம் காலியாகக் கிடந்தது.

"ஹேலி எப்படி இருக்கா?"

"உயரமா இருக்கா."



உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவி மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக் கீத்தை முதலில் பேசச் சொன்னார். அவன் எழுந்து நின்றான். உட்காரலாம் என்றபோதும் உட்காரவில்லை.

"நானாத்தான் முன்வந்து கொடுத்தேன், மேடம். பிள்ளைக்குத் தலைக்கு மேல கூரை இருக்கணும்னு. வீட்டை எடுத்துக்கோ, என்கிட்ட வாரக்காசு கேட்காதேன்னு சொன்னேன். சரின்னா. இப்ப இல்லம்பா பாருங்க. எனக்குத் தெரியும் இவளை. வாய் கூசாமப் பொய் சொல்லுவா."

"அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலியே," என்றார் தலைவி.

"சொல்லுவா!"

ஜானிஸுக்குக் காது மடல் வரை சூடேறியது. அதுவரை என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. இந்த ஆளுக்கு எதற்கு நான் கைகொடுக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. ஒரு வார்த்தை போதும். ஞாபகம் இல்லை. ஹாலந்து, சூடேற்றி, எல்லாம் அப்படியே இருக்கும்.

"மிசஸ் ஹார்னர்," தலைவி அவள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு என்ன பேசினீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. நிதானமா சொல்லலாம்."

"அவர் சொன்னது நடக்கவே இல்ல," என்றாள் ஜானிஸ்.

கீத் மேஜையை ஓங்கித் தட்டினான். "பார்த்தீங்களா!"

"உட்காருங்க. இல்லேன்னா வெளிய அனுப்புவேன்."

அவன் உட்கார்ந்தான். ஜானிஸ் அவனைப் பார்க்காமல், மேஜை மேலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவர் எதையும் முன்வந்து கொடுக்கல. வீட்டை வித்துப் பாதிப் பாதியா எடுத்துக்கலாம், பிள்ளைக்கு வாராவாரம் காசு அனுப்புறேன்னுதான் அவர் சொன்னார். நான்தான் மாட்டேன்னேன். எனக்கு உன் காசு வேண்டாம், உன் செக் எப்ப வரும்னு ஜன்னல்ல நிக்க மாட்டேன், வீட்டை என் பேருக்கு விட்டுட்டுத் தொலைன்னேன். அவர் ரெண்டு நாள் யோசிச்சார். அப்புறம் சரின்னார். அவர் கேட்கல. நான் கேட்டேன்."

தலைவி பேனாவை நிறுத்தினார்.

"அப்படின்னா வீடு வந்ததாலதான் வாரத்தொகை வேண்டாம்னு சொன்னீங்க. சரியா?"

"ஆமா." ஜானிஸ் இப்போது தலைவியை நேராகப் பார்த்தாள். "ஆனா இன்னொண்ணையும் எழுதிக்கோங்க. வேண்டாம்னு சொன்னது நான். ஹேலி சொல்லல. அவளுக்கு அப்ப ஏழு வயசு, மாடியில அம்மை போட்டுப் படுத்திருந்தா. அவகிட்ட ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கல. வீடு பெரிசுதான். ஆனா சுவரைச் சமைச்சுப் போட முடியாது."

கீத் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பை அன்றே சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவன் விட்டுக்கொடுத்த பங்குக்குக் கழிவு உண்டு. ஆனால் தொகை முழுக்கப் போகாது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். அது போதாது என்பது கீத்தின் முகத்தில் தெரிந்தது. ஜானிஸ் மனத்துக்குள் ஹாலந்தைக் கழித்துப் பார்த்தாள். கழிந்துதான் போனது.

கீழே கார் நிறுத்துமிடத்தில் காற்று குப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கீத் பின்னாலேயே வந்தான்.

"நீ பொய் சொல்லுவேன்னு நினைச்சேன்."

"நானும்தான் நினைச்சேன்."

"நான் வாராவாரம் தர்றேன்னு சொன்னேனா? நிஜமாவா?"

"சொன்ன."

"அதை மறந்தே போயிட்டேன்." அவன் சாவியைக் கையில் உருட்டினான். "நானே தூக்கிக் கொடுத்த மாதிரித்தான் என் மண்டையில இருக்கு. மெலனிகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

"இப்பப் போய் மாத்திச் சொல்லு. அவ கேட்டுக்கிட்டிருக்கா."

"உன்கிட்ட வந்தாளா?"

"அவளையே கேளு."

அவன் கார் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். "வண்டியில வர்றியா? அதே வழிதானே."

"பஸ் இருக்கு."

"சனிக்கிழமை வந்தா ஹேலி வருவாளா?"

"அதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, கீத். அவகிட்ட நீயே கேட்டுக்கோ. ஒருதரம் வரலேன்னா அதோட விட்டுட்டுப் போயிடாத. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அன்று மாலை வீட்டில் ஹேலிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கடையில் வாங்கிய ஹேடக் மீனும் சிப்ஸும் காகிதத்திலேயே ஆறிக்கொண்டிருந்தன. வாரக்காசு குறைந்ததைச் சொல்வது சுலபமாக இருந்தது. மற்றது சுலபமாக இல்லை.

"அப்ப, ஒண்ணும் தராமப் போனார்னு நீ சொன்னியே?"

"கோபத்துல சொன்னேன்."

"ஏழு வருஷமாவா கோபம்?"

"ஆமா."

ஹேலி வினிகர் புட்டியை மெல்ல மேஜையில் வைத்தாள். "நீங்க ரெண்டு பேருமே என்னை வச்சுத்தான் கணக்குப் பார்த்திருக்கீங்க," என்றாள். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். கதவு அறைந்து சாத்தப்படும் என்று ஜானிஸ் காத்திருந்தாள். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. அது அவளுக்கு இன்னும் வலித்தது.

சில நாள் ஹேலியிடமிருந்து கேட்டதற்கு மட்டும் பதில். ஹாலந்து முன்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. ஜானிஸ் மேற்பார்வையாளரிடம் போய்ச் சனிக்கிழமை வேலையும் கேட்டு வாங்கினாள். வாங்கிவிட்டு உடைமாற்றும் அறையில், கீத்தையும் அலுவலகத்தையும் தன்னையும் சேர்த்து வாய்க்குள் திட்டித் தீர்த்தாள். உள்ளதைச் சொன்னதற்காக அவளுக்குப் பெருமையாக ஒன்றும் இல்லை. அலுப்பாகத்தான் இருந்தது.

கீத் சனிக்கிழமை வந்தான். ஹேலி வெளியே போகவில்லை. அடுத்த வாரமும் வந்து, காரை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அதற்கடுத்த முறை அவள் போய்க் கார் கண்ணாடியோரம் நின்று ஏதோ கேட்டாள், அவன் ஏதோ சொன்னான், திரும்பி வந்துவிட்டாள். இதையெல்லாம் ஜானிஸ் பார்க்கவில்லை. அவள் ஐஸில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர்தான் கார் துடைக்கும் சாக்கில் பார்த்து, வேலியோரம் வந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீடு காலியாக இருந்தது. ஜானிஸ் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்து உட்கார்ந்தாள். இருட்டுவதற்கு முன்பே ஹேலி வந்துவிட்டாள். சட்டைத் தோளில் பால் கக்கிய கறை.

"அப்பா வீட்டுக் குட்டிக்குப் பல்லு முளைச்சிருக்கு. என் விரலைக் கடிச்சிருச்சு."

"வலிச்சுதா?"

"சின்னப் பல்லுதானே." நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஹாலந்துக்கு அடுத்த வருஷம் போவேன். உன்கிட்ட கேட்க மாட்டேன், அவர்கிட்டயும் கேட்க மாட்டேன். பேப்பர் போடுற வேலைக்குச் சொல்லியிருக்கேன்."

"காலையில எழுந்திருப்பியா நீ?"

"நீச்சலுக்கு எழுந்திருக்கலையா?"

ஜானிஸ் வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்தாள். பசிக்கிறதா என்று கேட்டாள். பசிக்கிறது என்றாள் ஹேலி. ஜானிஸ் முட்டை பொரிக்க எழுந்து போனாள்.